பொறித்திறம் வளர்த்த ஜி. டி. நாயுடு

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரத்தை அடுத்துள்ளது திற்பரப்பு என்னும் ஊர். மலையிற் பிறந்து வரும் கோதையாறு அவ்வூரில் அகன்ற பாறையின்மீது பரந்து, அருவியாய் வீழ்கின்றது. அருவியின் அருகே பழமையான மகாதேவர் கோயில் உள்ளது. அருவியில் நீராடவும் கோயிலில் வழிபடவும் மக்கள் திரளாக வருகின்றனர். இரப்பர் மரங்கள் நிழல் செய்யும் வளைந்த சாலைகளில் பேருந்துகளும் மகிழுந்துகளும் அவர்களைச் சுமந்து வருகின்றன. அவ்வாறு வரும் வண்டி ஒன்று இடைவழியில் நின்றுவிட்டால் எவரும் பெரிதும் அஞ்சுவதில்லை. அருகிலுள்ள ஊரிலிருந்து மெக்கானிக் ஒருவர் வருவார், மூடியைத் திறப்பார், காது கொடுத்துக் கேட்பார், பழுது இன்னதெனக் கண்டு சிறிது நேரத்தில் அதனை நீக்குவார். வண்டி மீண்டும் புறப்படும். பழுது பார்ப்போர் இல்லாத ஊரே இன்று தமிழ்நாட்டில் இல்லை எனலாம்.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு நிலைமை வேறாக இருந்தது. மோட்டார் வண்டிகள் யாவும் கடல் கடந்து வந்தன. அவற்றின் உறுப்புகளும் கடல் கடந்தே வர வேண்டும். ஓர் உறுப்பு முறிந்தால் கப்பல் வரும்வரை வண்டி கொட்டகையில் கிடக்கும். வண்டியின் உள்ளே நிகழ்வது என்னவென்று அறிந்தவர் மிகச் சிலரே. மற்றவர்க்கு அது தானே உறுமித் தானே ஓடும் ஒரு புதிராகவே தோன்றிற்று. அப்புதிரைத் தம் கைகளாலேயே அவிழ்த்துப் பார்த்த கிராமத்து இளைஞர் ஒருவர் இருந்தார். அவரே பிற்காலத்தில் ஜி. டி. நாயுடு எனப் பெயர் பெற்ற கோ. துரைசாமி ஆவார்.

இளமைப் பருவம்

கோயம்புத்தூர் மாவட்டத்தில் சூலூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23ஆம் நாள் துரைசாமி பிறந்தார். தந்தையார் கோபால்சாமி, உழவுத் தொழில் செய்து வாழ்ந்தவர். இளமையிலேயே துரைசாமி தாயை இழந்தார். அன்னையின் அரவணைப்பின்றி வளர்ந்த சிறுவர்க்குப் பள்ளிப் படிப்பில் நாட்டம் செல்லவில்லை. ஆசிரியர் சொல்வதைத் திருப்பிச் சொல்லும் அக்காலத்துக் கல்விமுறை அவர் உள்ளத்தைக் கவரவில்லை. குறும்பும் முரட்டுத்தனமும் மிகுந்திருந்தன. அவருடைய பள்ளி வாழ்க்கை தொடக்க வகுப்புகளோடு முடிந்தது.

பள்ளியை விட்டாரேயன்றி அவர் கற்பதை விடவில்லை. தோட்ட வேலைகளுக்கிடையே கிடைத்த நூல்களைத் தாமே படித்தார். ஏற்றம் இறைப்பதையும் வண்டி ஓடுவதையும் கண்டால், அவை அவ்வாறு இயங்குவது ஏன் என்று எண்ணிப் பார்ப்பார். கேட்டுத் தெரிந்துகொள்ள இயலாதவற்றைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் பழக்கம் அவரிடம் வளர்ந்தது.

வண்டி கண்ட வியப்பு

அந்நாளில் லங்காஷயர் என்னும் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் வருவாய்த் துறையில் பணியாற்றி வந்தார். அவர் ஊர்தோறும் செல்வதற்கு ஒரு மோட்டார் சைக்கிளைப் பயன்படுத்தினார். இங்கிலாந்து நாட்டில் ரட்ஜ் என்னும் நிறுவனத்தார் 1912ஆம் ஆண்டு ஆக்கிய வண்டி அது. மாடும் இன்றிக் குதிரையும் இன்றிப் புழுதி பறக்க விரைந்து செல்லும் அவ்வண்டியைத் துரைசாமி கண்டார். கண்டவர் பலர்; வியந்தவரும் பலர். துரைசாமியின் வியப்போ அன்றோடு தணியவில்லை. அதன் உள்ளே நடப்பது என்ன என்னும் கேள்வி அவர் நெஞ்சில் முள்ளெனத் தைத்தது. அவ்வண்டியைத் தமதாக்கிக்கொண்டாலன்றி அக்கேள்விக்கு விடை கிடையாது என்று அவர் உணர்ந்தார்.

வண்டியை வாங்கும் செல்வம் அவரிடம் இல்லை. எனவே அவர் ஊரைவிட்டுக் கோயம்புத்தூருக்குச் சென்றார். அங்கே ஓர் உணவு விடுதியில் பரிமாறும் பணியில் அமர்ந்தார். உழவர் குடியிற் பிறந்த இளைஞர் இலை போட்டுச் சோறு பரிமாறுவதைச் சிலர் இழிவாகக் கருதியிருக்கலாம். துரைசாமி உழைப்பில் இழிவு காணவில்லை. பெற்ற கூலியைச் செலவிடாமல் சிறுகச் சிறுகச் சேர்த்தார். வேண்டிய தொகை கைக்கு வந்ததும் அவ்வதிகாரியை அடைந்து, அந்த மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கினார்.

பிரித்தலும் கூட்டலும்

புதிய வண்டி கைக்கு வந்தால் ஏறி ஊர் சுற்றவே எவர்க்கும் மனம் விழையும். துரைசாமி செய்தது வேறு. அவர் அவ்வண்டியை உறுப்பு உறுப்பாகப் பிரித்தார். பரிமாறிச் சேர்த்த பொருள் முழுவதும் இப்பொழுது திருகாணிகளாகவும் சக்கரங்களாகவும் குழாய்களாகவும் தரையில் கிடந்தது. மீண்டும் கூட்ட இயலாமற் போயின், அத்தனை நாள் உழைப்பும் பழைய இரும்பாகிவிடும். உதவிக்கு அழைக்க வல்லுநர் எவரும் அருகில் இல்லை. இவ்வளவும் தெரிந்தே அவர் அச்செயலில் இறங்கினார்.

அக்காலத்து மோட்டார் சைக்கிளில் உறுப்புகள் பலவும் மூடப்படாமல் வெளியே தெரியும். ஆயினும் அவற்றின் இயக்கம் நுட்பமானது. கார்பரேட்டர் என்னும் கருவி பெட்ரோலைக் காற்றோடு கலந்து தருகின்றது. சிலிண்டரின் உள்ளே பிஸ்டன் கீழிறங்கும்போது அக்கலவை உட்புகுகின்றது. பிஸ்டன் மேலேறும்போது கலவை இறுக்கப்படுகின்றது. அந்நிலையில் மாக்னெட்டோ என்னும் மின்னாக்கி ஒரு சிறு பொறியைத் தெறிக்கச் செய்கின்றது. கலவை எரிந்து விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகின்றது. மறுபடியும் பிஸ்டன் மேலேறிப் புகையை வெளியேற்றுகின்றது. இந்நான்கு நிகழ்ச்சிகளும் ஒரு நிமிடத்தில் பல நூறு முறை நடைபெறுகின்றன. மேலும் கீழுமாகச் செல்லும் இவ்வசைவு வளைதண்டினால் சுழற்சியாகி, வார்ப்பட்டை வழியே பின்சக்கரத்தை அடைகின்றது.

இவற்றுள் ஒவ்வொன்றும் உரிய நொடியில் நிகழ வேண்டும். வால்வைத் திறக்கும் பற்சக்கரம் ஒரு பல் இடம் மாறிப் பொருந்தினாலும் எஞ்சின் இயங்காது. மாக்னெட்டோ காலந்தவறிப் பொறி எழுப்பினால் எஞ்சின் எதிர்த்து உதைக்கும். கார்பரேட்டரின் நுண்துளையில் ஒரு தூசு அடைத்தாலும் வண்டி நின்றுவிடும். ஆதலால் பிரிப்பவர் ஒவ்வோர் உறுப்பும் எங்கே இருந்தது, எத்திசை நோக்கி இருந்தது, எதனோடு சேர்ந்து இருந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அழுக்கை மண்ணெண்ணெயால் கழுவ வேண்டும்; தேய்ந்ததையும் தேயாததையும் விரலால் தடவி அறிய வேண்டும்; கழற்றிய வரிசைக்கு எதிர் வரிசையில் திரும்பப் பூட்ட வேண்டும். பிரிப்பதற்கு வலிமை போதும். கூட்டுவதற்கு அறிவு வேண்டும்.

துரைசாமி அவ்வண்டியைப் பிரித்தார், கூட்டினார், மீண்டும் பிரித்தார், மீண்டும் கூட்டினார். ஒவ்வொரு முறையும் அறியாத ஒன்று அறிந்ததாயிற்று. ஓர் உறுப்பு ஏன் அவ்வடிவில் அமைந்துள்ளது என்பது, அது செய்யும் தொழிலைக் கண்டபோது விளங்கிற்று. பள்ளியில் தங்காத பிள்ளைக்கு அம்மோட்டார் சைக்கிளே பள்ளியாயிற்று. இவ்வாறு அவர் மெக்கானிக் ஆனார்.

இத்தகைய கைத்திறம் மோட்டார் வண்டியின் வரலாற்றில் தொடக்கம் முதலே சிறப்பிடம் பெற்றுள்ளது. செர்மனி நாட்டுக் காரல் பென்சு என்பவர் 1886ஆம் ஆண்டு பெட்ரோலால் ஓடும் மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். மக்கள் அதனை நம்பி வாங்கவில்லை. 1888ஆம் ஆண்டு அவருடைய மனைவி பெர்த்தா அம்மையார் தம் மக்கள் இருவரையும் உடன் அழைத்துக்கொண்டு, கணவரிடம் சொல்லாமலே, மன்ஹைம் நகரிலிருந்து தம் தாய் வாழ்ந்த ஃபோர்ட்சைம் நகர்வரை அவ்வண்டியை ஓட்டிச் சென்றார். வழியில் எரிபொருட் குழாய் அடைத்துக்கொண்டது. அம்மையார் தம் தொப்பியில் செருகியிருந்த ஊசியை எடுத்து அவ்வடைப்பை நீக்கினார். தடைக்கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவர் ஒருவரைக் கொண்டு அதற்குத் தோல் பொருத்தச் செய்தார். வண்டி உரிய இடத்தை அடைந்தது. உலகமும் அதனை நம்பத் தொடங்கிற்று. ஆக்கியவரின் அறிவோடு பழுது நீக்குவோரின் திறமும் சேர்ந்தே பொறிகளை மக்களுக்குப் பயன்படச் செய்கின்றன என்பதற்கு அம்மையாரின் பயணம் சான்றாகும்.

தோல்வியும் தொழிலும்

துரைசாமியின் வாழ்க்கை நேர்ச்சாலையாக அமையவில்லை. திருப்பூரில் பருத்தி அரைக்கும் தொழிலில் ஈடுபட்டுப் பொருள் சேர்த்தார். பின்னர்ப் பம்பாய்க்குச் சென்று பருத்தி வாணிகத்தில் இறங்கிச் சேர்த்த பொருளை இழந்தார். சந்தையின் ஏற்ற இறக்கம், பிரித்துப் பார்த்து அறியக்கூடிய பொறியன்று. வெறுங்கையோடு கோயம்புத்தூருக்குத் திரும்பிய அவர்க்கு எஞ்சியிருந்த செல்வம் கைத்தொழில் ஒன்றே.

அந்நகரில் வாழ்ந்த சர் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலேயத் தொழிலதிபர் அவருடைய திறமையை அறிந்தார். அவருடைய ஆதரவால் துரைசாமி ஒரு பேருந்தைப் பெற்று, 1920ஆம் ஆண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார். பொள்ளாச்சி பெரிய சந்தையூர். பழனி முருகன் கோயில் கொண்ட திருத்தலம். வணிகரும் அடியாரும் அப்பேருந்தில் ஏறினர். வண்டியை ஓட்டியவரும் துரைசாமியே. சாலைகள் புழுதியும் பள்ளமுமாய் இருந்த காலம் அது. இடைவழியில் வண்டி நின்றால் பயணிகள் வெயிலில் வாட நேரும். மறுநாள் ஏறுவோர் தொகையும் குறையும். வண்டி நிற்கும் முன்பே அதன் குறையைக் கண்டு நீக்குவோர்க்கே அத்தொழில் பயன் தரும். ரட்ஜ் வண்டியில் கற்ற பாடம் அவர்க்கு இங்கே கைகொடுத்தது.

ஒரு பேருந்து பலவாயிற்று. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் பெயரில் அவர் நடத்திய நிறுவனம் யு. எம். எஸ். எனச் சுருக்கமாக வழங்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அது இந்தியாவின் சிறந்த பேருந்து நிறுவனங்களுள் ஒன்றாக விளங்கிற்று. குறித்த நேரத்தில் புறப்படுதல், குறித்த நேரத்தில் சேர்தல், வண்டியைப் பழுதின்றிப் பேணுதல் ஆகியவற்றை அவர் கண்டிப்பாகக் கடைப்பிடித்தார்.

ஆக்கும் கைகள்

பழுது பார்க்கும் கை நாளடைவில் புதியன ஆக்கும் கையாக வளர்வது இயல்பு. உடைந்த உறுப்புக்கு மாற்று வரும்வரை காத்திராமல் அதனை இங்கேயே செய்துகொள்ள முயல்பவர், முழுப் பொறியையும் இங்கேயே செய்தால் என்ன என்று ஒரு நாள் எண்ணுவார். நாயுடுவும் அவ்வாறு எண்ணினார். 1932ஆம் ஆண்டு நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிற்று. அம்மின்னாற்றல் கோயம்புத்தூரில் ஆலைகளையும் வயற்கிணறுகளையும் வந்தடைந்தது. நீர் இறைக்கவும் ஆலை ஓட்டவும் மின்மோட்டார்கள் தேவைப்பட்டன. அவை அயல்நாட்டிலிருந்தே வந்தன. 1937ஆம் ஆண்டு பீளமேட்டில் நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸ் என்னும் தொழிற்கூடத்தில் நாயுடுவும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து மின்மோட்டார் ஒன்றை ஆக்கினர். இந்தியாவில் ஆக்கப்பெற்ற முதல் மின்மோட்டார் என அது போற்றப்படுகின்றது. பிற்காலத்தில் மோட்டாருக்கும் பம்புக்கும் கோயம்புத்தூர் நாடறிந்த நகரமாயிற்று.

நாயுடு அயல்நாடுகள் பலவற்றுக்கும் சென்றார். அங்குள்ள தொழிற்சாலைகளைக் கூர்ந்து நோக்கினார். உலர் மின்கலத்தால் இயங்கும் சிறு மோட்டாரைக் கொண்ட முகம் மழிக்கும் கருவி, மிக மெல்லிய மழிதகடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் சுழலும் விசிறி, வாக்குகளைப் பதிவு செய்யும் பொறி முதலியவற்றை அவர் உருவாக்கினார். மின்சாரம் எட்டாத சிற்றூரில் காற்று வேண்டுமே என்று எண்ணியதால் மண்ணெண்ணெய் விசிறி பிறந்தது. ஐந்து வால்வுகள் கொண்ட வானொலிப் பெட்டியை எழுபது ரூபாய்க்கு ஆக்கித் தர இயலும் என்று 1941ஆம் ஆண்டு அறிவித்தார். எளிய மக்களுக்கு எட்டாத பொருளை எட்டச் செய்வதே அவருடைய நோக்கம்.

அந்நோக்கத்தின் உச்சமாக 1952ஆம் ஆண்டு ஒரு சிறு மகிழுந்தை அவர் வெளிக்கொணர்ந்தார். இருவர் அமர்ந்து செல்லும் பெட்ரோல் வண்டி அது. விலை இரண்டாயிரம் ரூபாயே. பெருஞ்செல்வரேயன்றிப் பிறர் மகிழுந்தை எண்ணிப் பார்க்கவும் இயலாத காலத்தில் அவ்விலை வியப்பளித்தது. ஆனால் அதனைப் பெருமளவில் ஆக்குவதற்கு வேண்டிய உரிமத்தை அரசு வழங்கவில்லை. வண்டி தொழிற்கூடத்தோடு நின்றுவிட்டது. எஞ்சினில் எந்தக் குறை நேரினும் நீக்க வல்ல அக்கைகளுக்கு இத்தடையை நீக்க இயலவில்லை. அன்று உரிமம் கிடைத்திருக்குமாயின் தமிழ்நாட்டின் தொழில் வரலாறு எவ்வாறு அமைந்திருக்கும் என்று அறிஞர் இன்றும் எண்ணிப் பார்க்கின்றனர். நாயுடு அவ்வருத்தத்தோடு அமர்ந்துவிடவில்லை. பிற முயற்சிகளில் கருத்தைச் செலுத்தினார். உழவுத் தொழிலிலும் ஆராய்ச்சி செய்து, பருத்தி முதலியவற்றை உயரமாகவும் செழிப்பாகவும் வளர்த்துக் காட்டினார்.

கல்வித் தொண்டு

பள்ளியை வெறுத்தோடிய சிறுவர், பெரியவரான பின்பு கல்விக்குப் பெரிதும் உதவினார். கோயம்புத்தூரில் 1945ஆம் ஆண்டு ஆர்தர் ஹோப் பெயரால் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கப்பெற்றது. அதன் தோற்றத்துக்கு நாயுடுவின் கொடை துணை செய்தது. அவரே அதன் முதல்வராகவும் அமர்ந்தார். அக்கல்லூரியே இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகின்றது. பொறியியலுக்கு நான்கு ஆண்டுகள் தேவையில்லை. முறையாகக் கற்பித்தால் இரண்டு ஆண்டுகளே போதும் என்பது அவருடைய கொள்கை. அரசு அதனை ஏற்கவில்லை. நாயுடு பதவியைத் துறந்தார். அவர் வகுத்த கால அளவு சரியா தவறா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். கருவியைக் கையால் தொடாமல் கருவியியல் கற்க இயலாது என்னும் அவருடைய அடிப்படையை மறுப்போர் இலர்.

நினைவுச் சின்னங்கள்

நாயுடு 1974ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4ஆம் நாள் மறைந்தார். கோயம்புத்தூர் அவிநாசிச் சாலையில் அவருடைய படைப்புகளையும் அவர் திரட்டிய பொறிகளையும் காட்டும் கண்காட்சி அமைந்துள்ளது. அங்கே பழைய மகிழுந்துகளுக்கென ஓர் அருங்காட்சியகமும் 2015ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது. உலகின் பல நாடுகளில் பல காலங்களில் ஆக்கப்பெற்ற வண்டிகள் அங்கு வரிசையாக நிற்கின்றன. காரல் பென்சின் மூன்று சக்கர வண்டியின் மாதிரியையும் அங்கே காணலாம்.

இத்தகைய பழைய வண்டிகளைப் புதுப்பித்தல் எளிய செயலன்று. துருவைச் சுரண்டி நீக்க வேண்டும். இற்றுப்போன தகட்டை வெட்டி ஒட்ட வேண்டும். இறுகிக்கிடக்கும் பிஸ்டனை எண்ணெயில் ஊறவைத்து மெல்ல நெகிழ்த்த வேண்டும். கடைகளில் கிடைக்காத உறுப்பைக் கடைசல் இயந்திரத்தில் கடைந்து செய்ய வேண்டும். நூறு ஆண்டுகளுக்கு முன்பு அதனை ஆக்கியவர் என்ன எண்ணி ஆக்கினார் என்பதை உய்த்துணர வேண்டும். இதற்கு வேண்டுவன பொறுமையும் கூரிய பார்வையும் ஆகும். கலங்கல் இளைஞர் ரட்ஜ் வண்டியின் முன் அமர்ந்தபோது அவரிடம் இருந்தவையும் இவையே. 2025ஆம் ஆண்டு அவிநாசிச் சாலையில் திறக்கப்பெற்ற நெடிய மேம்பாலத்துக்கு ஜி. டி. நாயுடுவின் பெயர் சூட்டப்பெற்றுள்ளது. அதன்மீது நாள்தோறும் பல்லாயிரம் வண்டிகள் விரைகின்றன.

ஒரு பொருளை விலை கொடுத்து வாங்குவதால் மட்டும் அது ஒருவர்க்கு முழுதும் உரிமையாகிவிடாது. அதன் இயல்பை அறிந்து, கெட்டபோது சீர்செய்யத் தெரிந்தவரே அதனை உண்மையில் உடையவர் ஆவர். இன்று சிறு பழுதுற்றதும் பொருளை எறிந்துவிட்டு வேறொன்று வாங்கும் வழக்கம் பெருகி வருகின்றது. மிதிவண்டியின் சங்கிலி கழன்றாலும் பிறர் கையை எதிர்நோக்கி நிற்கும் மாணவர் உளர். அத்தகையோர், உணவு விடுதியில் உழைத்துச் சேர்த்த பொருளையெல்லாம் தரையில் பரப்பி வைத்து, அஞ்சாமல் ஒவ்வொன்றாய்க் கையில் எடுத்துப் பார்த்த அவ்விளைஞரை நினைத்தல் வேண்டும். திற்பரப்புச் சாலையில் நின்ற வண்டியை மீண்டும் ஓடச் செய்யும் மெக்கானிக்கின் எண்ணெய்க் கறை படிந்த கையும் மதிக்கத்தக்கதே. அத்தகைய கையிலிருந்தே ஜி. டி. நாயுடு என்னும் மேதை உருவானார்.